சொல்லேர் உழவர் எட்வர்டு பேக்கர்

வில்லேர் உழவர், சொல்லேர் உழவர் என இருவகையினரைத் தமிழ் மரபு பிரித்துப் பேசும். படைக்கலத்தால் வாழ்வோர் ஒரு வகையினர். நாவன்மையால் வாழ்வோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டு ஏர்களையும் ஒருவரே பிடித்தல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இரண்டையும் பிடித்து, ஒன்றில் பெரும் விளைச்சல் கண்டு, மற்றொன்றில் தம் உயிரையே விதைத்துவிட்டுப் போன ஒருவர் வாழ்ந்தார். எட்வர்டு டிக்கின்சன் பேக்கர் என்பது அவர் பெயர். வழக்கறிஞர், படைத்தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர் எனப் பல நிலைகளில் விளங்கிய அவர், கவிதையில் தோய்ந்த உள்ளமும் உடையவர். கடல் அலையை விளித்து அவர் பாடிய கவிதை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றைத் தமிழர் நன்கறிவர். அவருடைய உயிர்த்தோழராகிய பேக்கரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அமெரிக்க வரலாற்றில் செனட் உறுப்பினர் பதவியில் இருக்கும்போதே போர்க்களத்தில் மாண்டவர் அவர் ஒருவரே. அவருடைய வாழ்வில் சொல்லின் பெருமையும் உண்டு. சொல்லின் எல்லையும் உண்டு. அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்தவற்றில், புகழுரை பாடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடமும் உண்டு.

தறியிலிருந்து வழக்குமன்றம் வரை

1811ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இலண்டன் மாநகரில் பேக்கர் பிறந்தார். தந்தையார் கல்வி கற்பிக்கும் தொழிலினர். தாயின் உடன்பிறந்தார் ஆங்கிலக் கடற்படையில் தலைமை வகித்தவர். ஆசிரியத் தொழிலும் போர்த்தொழிலும் ஆகிய இரண்டும் இவ்வாறு அவருக்குக் குடிவழியிலேயே வந்து சேர்ந்தன. பேக்கர் சிறு குழந்தையாக இருந்தபோது குடும்பம் கடல் கடந்து பிலடெல்பியா நகரில் குடியேறியது. அங்கே இளமையிலேயே அவர் நெசவாலையில் தறி இயக்கும் பணிக்குச் சென்றார்.

1825இல் அக்குடும்பம் மேற்கு நோக்கிப் பயணமாயிற்று. பொதுவுடைமைக் கனவோடு இராபர்ட் ஓவன் என்னும் சீர்திருத்தச் செம்மல் இண்டியானாவில் உருவாக்கிய நியூ ஹார்மனி குடியிருப்பில் சிறிது காலம் வாழ்ந்தது. பின்னர் இல்லினாய் மாநிலத்தில் நிலைகொண்டது. பணமில்லாத அந்த இளைஞரின் படிப்பார்வத்தைக் கண்ட முன்னாள் ஆளுநர் நீனியன் எட்வர்ட்ஸ், தமது நூலகத்தைத் திறந்துவிட்டார். கிடைத்த நூல்களை எல்லாம் அவர் கற்றார். ஒருமுறை படித்ததை மறவாத நினைவாற்றல் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது. 1830இல், பத்தொன்பதாம் வயதில், வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டில் மேரி ஆன் லீ என்னும் கைம்பெண்ணை மணந்து, அவருடைய குழந்தைகள் இருவருக்கும் தந்தையானார்.

வெளிநாட்டில் பிறந்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக முடியாது என்பதை இளமையில் சட்டநூலில் படித்தறிந்த பேக்கர் கண்ணீர் விட்டழுதார் என்றொரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அவருடைய வேட்கையின் அளவை அது நன்கு காட்டும்.

இரு நண்பர்கள்

1835இல் பேக்கர் ஸ்பிரிங்பீல்டு நகருக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாண்டுகளில் லிங்கனும் அங்கு வந்து வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். இருவரும் வறுமையில் வளர்ந்தவர்கள். இருவரும் தாமே கற்றுத் தேறியவர்கள். இருவரும் விக் கட்சியினர். பேச்சில் மட்டும் வேறுபட்டனர். லிங்கன் எண்ணி எண்ணிச் சொற்களை அடுக்குவார். பேக்கரிடமோ அவை அருவியாய்க் கொட்டும்.

அக்காலத்தில் நிகழ்ந்ததாக லிங்கன் வரலாற்றாசிரியர்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. வழக்குமன்றக் கூடத்தில் பேக்கர் அரசியற் கூட்டமொன்றில் உரையாற்றிக் கொண்டிருந்தார். மேல்மாடியில் லிங்கனின் அலுவலகம். தளத்தில் இருந்த ஒரு திறப்பின் வழியே கீழே நடப்பது மேலே கேட்கும். எதிர்க்கட்சி நாளிதழைப் பேக்கர் சாடவே, கூட்டத்தினர் சினந்து அவரை மேடையிலிருந்து இழுக்கப் பாய்ந்தனர். அவ்வேளையில் மேலே இருந்த திறப்பின் வழியே இரண்டு நீண்ட கால்கள் தொங்கின. லிங்கன் மேடையில் குதித்தார். இது பேச்சுரிமை உள்ள நாடு, பேக்கர் பேசத் தகுந்தவர், அவரைத் தடுக்கத் தாம் விடப்போவதில்லை என்னும் கருத்துப்பட அவர் சொன்னதும் கூட்டம் அடங்கிற்று. ஒருவன் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் உரிமைக்காக அன்று லிங்கன் நின்றார். பின்னாளில் பேக்கரும் அவ்வுரிமைக்காகவே பிறர் பொருட்டு நின்றார்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு விக் கட்சியின் வேட்பாளராவதில் ஜான் ஹார்டின், பேக்கர், லிங்கன் ஆகிய மூவரிடையே போட்டி எழுந்தது. 1843இல் தம் மாவட்டத்தின் ஆதரவு பேக்கருக்கே கிடைத்ததால், அவருக்கு வாக்களிக்க வேண்டிய பேராளராக லிங்கனே செல்ல நேர்ந்தது. ஆயினும் அம்முறை ஹார்டினே வென்றார். அடுத்துப் பேக்கரும், அவருக்குப் பின் லிங்கனும் ஒவ்வொரு முறை உறுப்பினராயினர். போட்டி அவர்கள் நட்பைக் குலைக்கவில்லை. 1846இல் பிறந்த தம் இரண்டாம் மகனுக்கு லிங்கன் எட்வர்டு பேக்கர் லிங்கன் என்று பெயரிட்டார். அக்குழந்தை நான்கு வயது நிறையுமுன் 1850இல் இறந்தது.

மெக்சிகோப் போர்

1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டது. நாடாளுமன்றத்தில் அமர்ந்தவாறே வீரமுழக்கம் செய்ய மனமில்லாத பேக்கர், இல்லினாய் நான்காம் தொண்டர் படையைத் திரட்டி அதன் கர்னலானார். களத்திற்குச் செல்லும் வழியில், நம் பக்கத்து வீரர் என்னும் எண்ணமின்றித் தம்முள் மோதிக்கொண்ட ஜார்ஜியா வீரர்களின் கலகத்தை அடக்கப் புகுந்து கழுத்தில் காயமுற்றார். அவ்வாண்டு டிசம்பரில் படையுடையிலேயே பிரதிநிதிகள் அவைக்குள் நுழைந்து, போதிய உடையும் உணவுமின்றிப் படைவீரர் படும் துன்பத்தை எடுத்துரைத்தார். பின்னர் உறுப்பினர் பதவியைத் துறந்து போர்முனைக்குத் திரும்பினார்.

1847 ஏப்ரலில் செர்ரோ கோர்டோ மலைக்கணவாயில் நடந்த போரில் படைப்பிரிவின் தளபதி ஷீல்ட்ஸ் கடுங்காயமுற்று வீழ்ந்தார். உடனே பேக்கர் தலைமையேற்று முன்னேறினார். மெக்சிகோவின் தலைவர் சாந்தா அன்னா விட்டோடிய வண்டியிலிருந்து அவருடைய செயற்கைக் காலை நான்காம் இல்லினாய்ப் படையினர் கைப்பற்றினர். போர் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. களத்தில் துணிவே போதும் என்னும் நம்பிக்கையையும் தந்திருக்கக் கூடும். அந்நம்பிக்கை பின்னாளில் பெருவிலை கேட்டது.

நாடு திரும்பிய பேக்கர் காலீனா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, 1848இல் மீண்டும் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வு பெற்றார். 1851இல் பனாமா இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டு நோய்வாய்ப்பட்டார். 1852இல் பொன்வேட்டைக்காரர் திரண்டிருந்த கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரை அடைந்தார்.

கேட்பாரற்றோர்க்குக் குரல்

பேக்கரின் வாழ்வில் போற்றத்தக்க பகுதி இதுவே எனலாம். 1855 நவம்பரில் சார்லஸ் கோரா என்னும் சூதாட்டக்காரர், ரிச்சர்ட்சன் என்னும் நடுவணரசுக் காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். நகரமே கொதித்தெழுந்தது. கோராவுக்காக வாதாடத் துணிந்தவர் பேக்கர். வெறுக்கப்படும் மனிதனுக்கும் சட்டத்தின் முன் ஒரு குரல் வேண்டும் என்பதே அவருடைய நிலை. 1856 ஜனவரியில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் பிரிந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நாளிதழாசிரியர் ஒருவர் சுடப்பட்டதும், நகரத்தார் தாமாகவே கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டு, சுட்டவனோடு கோராவையும் சிறையிலிருந்து இழுத்துவந்து தூக்கிலிட்டனர். கோராவுக்காக வாதாடிய பேக்கரும் நகரத்தாரின் பகைக்கு ஆளானார்.

1858இல் அவர் ஏற்ற வழக்கு இன்னும் பெரிது. ஆர்ச்சி லீ என்னும் கறுப்பின இளைஞரை மிசிசிபியிலிருந்து அடிமையாகக் கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்திருந்தார் அவருடைய உடைமையாளர். கலிபோர்னியாவின் அரசியலமைப்பு அடிமைமுறையை விலக்கியிருந்தது. ஆயினும் உடைமையாளர் இளையவர், நோயாளி என்று இரக்கம் காட்டி, மாநில உச்சநீதிமன்றம் ஆர்ச்சியை அவரிடமே ஒப்படைத்தது. கப்பலேற்றிக் கொண்டுபோக முயன்றபோது சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பின மக்கள் ஒன்றுதிரண்டு தடுத்து, பணம் சேர்த்து வழக்கை மீண்டும் மன்றத்திற்குக் கொணர்ந்தனர். ஆர்ச்சியின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் பேக்கர் முதன்மையானவர். அவ்வாண்டு ஏப்ரலில் ஆர்ச்சி விடுதலை பெற்றார். அரசியலில் உயர விரும்பும் ஒருவருக்கு அன்றைய கலிபோர்னியாவில் இவ்வழக்கு ஊறு செய்யுமே அன்றி உதவி செய்யாது.

1859 செப்டம்பரில், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த செனட்டர் டேவிட் பிராடரிக், அம்மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த டெர்ரியுடன் நிகழ்த்திய துப்பாக்கி இணைப்போரில் காயமுற்று மாண்டார். சான் பிரான்சிஸ்கோவின் திறந்த சதுக்கத்தில், பல்லாயிரவர் நடுவே, பிராடரிக்கின் உடலருகே நின்று பேக்கர் ஆற்றிய இரங்கலுரை அமெரிக்க நாவன்மையின் சிறந்த சான்றுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இறந்தவரின் நண்பர்களது துயரத்தோடு நின்றுவிடாமல், இணைப்போர் என்னும் வழக்கத்தையே அவர் அங்குக் குற்றக்கூண்டில் நிறுத்தினார்.

செனட் மன்றத்தில் வாள்

கலிபோர்னியாவில் 1859 தேர்தலில் தோற்ற பேக்கரை ஆரிகன் மாநில நண்பர்கள் அழைத்தனர். அங்குக் குடியேறிய அவரை, 1860 அக்டோபரில் மாநிலச் சட்டமன்றம் செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. தலைநகர் செல்லும் வழியில் சான் பிரான்சிஸ்கோவில் விடுதலையின் மாண்பைப் பற்றி அவர் ஆற்றிய உரை கேட்டோரை எழுந்தாடச் செய்தது. சில நாட்களில் நடந்த தேர்தலில் லிங்கன் கலிபோர்னியாவை வென்றது 734 வாக்கு வேறுபாட்டில்தான்.

1861 மார்ச் 4ஆம் நாள் லிங்கன் பதவியேற்றபோது அவரை மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தவர் பேக்கரே. உள்நாட்டுப் போர் தொடங்கிய எட்டாம் நாள், ஏப்ரல் 20 அன்று, நியூயார்க்கு நகரின் யூனியன் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் தாமும் வாளேந்தி வருவதாக உறுதி கூறினார். கூறியபடியே கலிபோர்னியாப் படை என்னும் பெயரில் ஒரு படையைத் திரட்டினார். அதில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் பிலடெல்பியாவினர். தளபதிப் பதவியை லிங்கன் அளிக்க முன்வந்தும், ஏற்றால் செனட் இடத்தை இழக்க நேரும் என்பதால், பேக்கர் கர்னலாகவே பணியாற்றினார்.

ஆகஸ்ட் முதல் நாள் முகாமிலிருந்து நேரே படையுடையில் செனட்டுக்கு வந்தவர், வாளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் பிரெக்கின்ரிட்ஜ் போரை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பேக்கர் எழுந்து எழுதாத உரையால் விடையிறுத்தார். பகைவர் வாயிலில் நிற்கையில் உரோமாபுரி மன்றத்தில் ஒருவர் இவ்வாறு பேசியிருந்தால் அந்நாட்டார் என்ன நினைத்திருப்பர் என்று அவர் எழுப்பிய வினா அவையை அதிரச் செய்தது. சில மாதங்களில் பிரெக்கின்ரிட்ஜ் எதிரணியின் தளபதியானார்.

பொட்டோமாக் ஆற்றங்கரையில்

1861 அக்டோபர் 20ஆம் நாள் பிற்பகல் பேக்கர் லிங்கனைக் காண வந்தார். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நண்பர்கள் இருவரும் நெடுநேரம் உரையாடினர். அருகே லிங்கனின் பத்து வயது மகன் வில்லி உதிர்ந்த இலைகளைக் குவித்து விளையாடிக் கொண்டிருந்தான். விடைபெறும்போது பேக்கர் அவனைத் தூக்கி முத்தமிட்டார் என்று கூறுவர்.

அன்றிரவு, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் வேவு பார்க்கச் சென்ற சிலர், நிலவொளியில் தெரிந்த மரவரிசையைப் பகைவரின் கூடாரங்கள் என்று கருதிச் செய்தி கொணர்ந்தனர். அப்பிழையிலிருந்தே பால்ஸ் பிளப் போர் பிறந்தது. ஆற்றின் நடுவே ஒரு தீவு. அப்பால் ஏறத்தாழ நூறு அடி உயரமுள்ள செங்குத்தான கரை. சிறுபடை ஒன்று மறுநாள் விடியலில் அக்கரை சேர்ந்தது. அதனைத் திரும்ப அழைப்பதோ வலுப்படுத்துவதோ பேக்கரின் முடிவு என்று மேலதிகாரி சார்லஸ் ஸ்டோன் ஆணையிட்டார்.

பேக்கர் களத்தை நேரில் காணுமுன்னரே படையை அக்கரைக்கு அனுப்ப முடிவு செய்தார். கைக்கு எட்டியவை சில சிறு படகுகளே. ஓடத்தைக் கால்வாயிலிருந்து ஆற்றுக்கு ஏற்றும் பணியிலேயே பல மணி நேரம் கழிந்தது. பிற்பகலில் அவர் மேட்டை அடைந்தபோது, முன்னே காடும் உயர்ந்த நிலமும் பகைவர் வசம். பின்னே செங்குத்துச் சரிவும் ஆறும். அவ்வேளையில் நியூயார்க்குப் படையின் கர்னல் காக்ஸ்வெல் மேடேறி வந்தார். போர்க்கல்லூரியில் பயின்றவர் அவர். பேக்கர் அவரை வால்டர் ஸ்காட்டின் காவிய அடியொன்றைச் சொல்லி வரவேற்றார். காக்ஸ்வெல்லின் கண்ணோ எதிரே இருந்த உயர்ந்த நிலத்தின்மீது சென்றது. அது பகைவர் கையில் இருக்கும்வரை தம் படை அழிவது திண்ணம் என்பதை அவர் உணர்ந்தார்.

மாலை ஐந்து மணியளவில், படையின் முன்னணியில் நின்ற பேக்கர் பல குண்டுகள் பாய்ந்து வீழ்ந்தார். அகவை ஐம்பது. தலைவனை இழந்த படை சரிவில் உருண்டது. படகுகள் பாரம் தாங்காமல் கவிழ்ந்தன. நீரில் மூழ்கியவர்களின் உடல்கள் தலைநகர் வரை மிதந்து சென்றன. ஆற்றைக் கடந்த ஏறத்தாழ 1,700 பேரில் சுமார் ஆயிரவர் மாண்டோ காயமுற்றோ சிறைப்பட்டோ போயினர். மார்பில் குண்டு தாங்கி உயிர் தப்பியவர்களுள், கவிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் இருபது வயது மகனும் ஒருவர். பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர் அவர்.

தந்தி நிலையத்தில் செய்தி கேட்ட லிங்கன், கன்னங்களில் நீர் வழிய, தள்ளாடியபடி தெருவில் இறங்கி நடந்ததைக் கண்டவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இரங்கற்பாவும் இருண்ட சிறையும்

நாடெங்கும் கையறுநிலைப் பாடல்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று சிறுவன் வில்லி லிங்கன் எழுதியது. வாஷிங்டன் நாளிதழ் ஒன்று அதனை நவம்பரில் வெளியிட்டது. தன்னை முத்தமிட்டுச் சென்றவருக்காகப் பாடிய அப்பிள்ளையும் அடுத்த பிப்ரவரியில் காய்ச்சலால் இறந்தான்.

அதே பிப்ரவரியில் வேறொன்றும் நிகழ்ந்தது. தோல்விக்குக் காரணம் யார் என்னும் வினாவை ஆராய நாடாளுமன்றத்தார் கூட்டுக் குழு ஒன்றை அமைத்திருந்தனர். பேக்கரோ அவர்களுடைய சக உறுப்பினர்; நாடே அழுதுகொண்டிருந்த வீரர். அவர்மீது பிழை காண எவருக்கும் மனமில்லை. பழி ஸ்டோன்மீது திரும்பியது. தப்பிவந்த அடிமைகளை அவர் உடைமையாளரிடமே திருப்பி அனுப்பினார் என்னும் சினம் முன்பே இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் சிறையிலிட்டது அதற்காக அன்று. பகைவரோடு தொடர்பு என்னும் ஐயத்தின்பேரில் நள்ளிரவில் அவரைக் கைது செய்து, நியூயார்க்குத் துறைமுகக் கோட்டையில் தனிச்சிறையில் அடைத்தனர். குற்றச்சாட்டு எதுவும் சாற்றப்படவில்லை, விசாரணையும் நடைபெறவில்லை. 189 நாட்களுக்குப் பின் காரணம் கூறாமலே விடுவித்தனர். பேக்கருக்காக ஒருநாள் மேடையில் குதித்த லிங்கனும் இதனைத் தடுக்கவில்லை. ஸ்டோன் பின்னர் எகிப்திய அரசின் படையில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பி, நியூயார்க்கு விடுதலைச் சிலையின் அடிபீடத்தைக் கட்டிய பொறியாளராகப் பெயர் பெற்றார்.

வெறுக்கப்பட்ட கோராவுக்கும் உரிமையற்ற ஆர்ச்சிக்கும் மன்றத்தில் குரல் வேண்டும் என்று நின்றவர் பேக்கர். அவருடைய புகழைக் காக்கவென்றே ஒருவருடைய குரல் அடைக்கப்பட்டது. பேக்கர் உயிரோடிருந்து அவ்வழக்கு அவரிடம் வந்திருக்குமானால், அவர் எப்பக்கம் நின்று வாதாடியிருப்பார் என்பதை அவருடைய வாழ்வே சொல்கிறது.

நிறைவாக

பேக்கரின் உடல் சான் பிரான்சிஸ்கோ மண்ணில் உறங்குகிறது. ஆரிகனில் ஒரு நகரமும் மாவட்டமும், கலிபோர்னியாவில் ஒரு கோட்டையும் அவர் பெயரைத் தாங்குகின்றன. தலைநகரின் நாடாளுமன்ற மாளிகையில் அவருக்குச் சலவைக்கற் சிலை உண்டு. 2011இல், அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டில், ஆரிகன் மாநிலம் பிப்ரவரி 24ஐ அவர் நாளாக அறிவித்தது. பால்ஸ் பிளப் மேட்டிலோ ஒரு சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதில் புதைக்கப்பட்டோர் 54 பேர். அவர்களுள் பெயர் தெரிந்தவர் ஒருவரே.

வீரனைப் பாடுதல் தொன்றுதொட்டுப் புலவர் கடன். பேக்கரும் பாடத் தகுந்தவரே. சொன்ன சொல்லைத் தம் உடலால் மெய்ப்பித்தவர். எளியவர் பக்கம் நின்றவர். கவிதையை மனத்தில் சுமந்து களம் புகுந்தவர். ஆயினும் அவர் கைக்கொள்ளாத எச்சரிக்கையால் பலர் உயிரிழந்தனர் என்பதும் மெய். இரண்டையும் ஒரே பாட்டில் சொல்ல முடியாதென்று எண்ணியே அன்றைய அமெரிக்கர் ஒன்றை மறைத்தனர். மறைத்ததன் விலையை மற்றொருவர் சிறையிருந்து கொடுத்தார். பத்தாண்டுகளாகக் கவியரங்குகளிலும் நினைவேந்தல் கூட்டங்களிலும் மறைந்தோரைப் போற்றிவரும் நம் வட்டத்தார்க்கு இவ்வரலாறு ஓர் அளவுகோலாகட்டும். இறந்தவரைப் புகழும்போது, பெயர் தெரியாமல் உடன் இறந்தவர்க்கும், பழி சுமந்து உயிரோடிருப்பவர்க்கும் நம் சொல்லில் இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோமாக.